வாய்க்கால் கரையில் அகன்ற டயர்

காவிரியின் நீரைக் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள வயல்களுக்குக் கொண்டு வரும் பெருவளை வாய்க்காலை அறியாதவர் மண்ணச்சநல்லூரில் இருக்க முடியாது. ஊரின் அரிசி ஆலைகளும், அவற்றுக்குப் பெயர் வாங்கித் தந்த பொன்னியும் இந்த வாய்க்கால்களின் வழி வந்தவையே. அதன் கரையின் மேல் சைக்கிளில் போவது என்பது வேறு அறிவு. வைகாசியில் கால் புதையும் புழுதி. தண்ணீர் திறந்த பின் ஓரமெல்லாம் கசிவு. ஐப்பசி கார்த்திகையில் டிராக்டர் சக்கரங்கள் உழுத பள்ளங்களில் சேறு. அறுவடைக்குப் பின் அந்தச் சேறே காய்ந்து செங்கல்லாகி, சைக்கிளின் ஒவ்வொரு ஆணியையும் ஆட்டிப் பார்க்கும். இக்கரையின் மேல் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் சென்றால் எங்கள் பங்கின் கிளைக்கிராமம் ஒன்று வரும். ஓடு வேய்ந்த சிற்றாலயமும், முப்பதுக்கு உட்பட்ட குடும்பங்களும் கொண்ட ஊர்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். எங்கள் தந்தை உபதேசியாராக இருந்தவர். பொதுநிலையினரும் நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கலாம் என்று 1973-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் அனுமதி வந்தது. அந்த அனுமதியின் கீழ் எங்கள் பங்கிலும் பணியாளர் நியமிக்கப்பட்டபோது, தந்தையின் மக்கள் என்ற ஒரே தகுதியால் நாங்களும் சேர்க்கப்பட்டோம். மாதந்தோறும் முதல் வெள்ளி காலைத் திருப்பலி முடிந்ததும் நற்கருணைச் சிமிழுடன் வாய்க்கால் கரையில் புறப்படுவோம். அக்கிராமத்தில் எங்களுக்காகக் காத்திருந்தவர் இருவர். ஒருவர் எழுந்து நடமாட இயலாத பாட்டி. மற்றவர் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு கொத்தனார்.

மோட்டார் வண்டியில் போகலாமே என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். தார்ச்சாலை சுற்றி வருகிறது, பதினோரு கிலோமீட்டர். கரை வழியிலோ நடுவே ஒரு மதகு இருக்கிறது. அதன் மேல் ஓரடி அகலத் திட்டைத் தவிர வேறு பாதையில்லை. அங்கே இறங்கி, சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டுதான் கடக்க வேண்டும். சர்க்கரை நோய்க்காக எங்கள் இருவரையும் சைக்கிள் மிதிக்கச் சொன்ன மருத்துவரின் பங்கும் இதில் உண்டு. உண்மையைச் சொன்னால், தந்தை போன வழியை விட மனமில்லை என்பதே முதற்காரணம்.

தந்தையின் சைக்கிள் இன்றும் ஓடுகிறது. எங்களில் மூத்தவர் அதைத்தான் மிதிக்கிறார். நம் நாடெங்கும் பால்காரரும் தபால்காரரும் ஆசிரியரும் ஓட்டிய அதே கறுப்பு வண்டி. 28 × 1½ டயர். அகலம் சுமார் 38 மில்லிமீட்டர். தந்தைக்குக் காற்று விஷயத்தில் கண்டிப்பு அதிகம். புறப்படுமுன் பெருவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பார். விரல் சற்றேனும் உள்ளே போனால் கைப்பம்பை எடுத்துவிடுவார். கல் போல் இருந்தால்தான் காற்று என்பது அவர் கணக்கு. மறைக்கல்வி நூல்களும் மெழுகுதிரிப் பெட்டியும் மட்டுமன்று, சில நாள்களில் பங்குத்தந்தையே அந்தக் கேரியரில் அமர்ந்து பயணம் செய்திருக்கிறார். அந்தப் பாரத்துக்கு அந்தக் காற்று சரியே. நாங்கள் காரணத்தைக் கேட்காமல் பழக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டோம்.

இளையவரின் வண்டி அவருடைய மகன் விட்டுச்சென்றது. மலைச் சைக்கிள் என்று கடையில் சொல்லி விற்ற வகை. 26 × 1.95 டயர், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் அகலம், மேலெல்லாம் முள்ளங்கிக் கண் போல் ரப்பர்க் கட்டிகள். அக்கட்டிகள் இருக்கும்போது சேறு என்ன செய்துவிடும் என்று எண்ணினோம். வழக்கம்போல் அதிலும் கல் போல் காற்றடித்தோம்.

கார்த்திகை முதல் வெள்ளியன்று, கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கையில், டிராக்டர் பள்ளத்தின் விளிம்பில் இளையவரின் முன் சக்கரம் வழுக்கியது. ஒரு கணந்தான். மூத்தவர் இறங்கி ஓடி வருவதற்குள் அவர் சேற்றில் அமர்ந்திருந்தார். இடக்கை, கழுத்திலிருந்து தொங்கிய சிமிழ்ப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தது. வலக்கை மணிக்கட்டு கோணியிருந்தது. சிமிழுக்கு ஒன்றும் நேரவில்லை. மீதித் தொலைவை நடந்தோம். இரு வீடுகளிலும் செபத்தை மூத்தவர் சொல்லி நற்கருணை வழங்கினார். அதன் பிறகே யாரோ ஒருவரின் வண்டியில் இளையவர் மருத்துவமனைக்குப் போனார். ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் போட்ட கையோடு வீட்டில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு வேலை வேண்டும். அகன்ற டயர் மாட்டினால் இது நேர்ந்திராது என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். அகலம் என்பது இளைஞர்களின் அலங்காரம், கனம் கூடுவதே மிச்சம் என்று மூத்தவர் சொன்னார். இளையவர் படிக்கத் தொடங்கினார். நாங்கள் இருவரும் இந்த வயதில் டயரைப் பற்றி வாதிடுவோம் என்று வீட்டுப் பெண்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

காற்றடைத்த டயரின் கதையே ஒரு தந்தையின் கதைதான். 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் சிறுவனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தரையில் குலுங்குவது கண்டு, ரப்பர்க் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் தெரியவந்து, டன்லப்பின் காப்புரிமை செல்லாமற்போயிற்று. எங்கள் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. காற்று முதலில் சக்கரத்துக்குள் புகுந்தது குலுக்கலைக் குறைக்க. அதாவது சக்கரம் மென்மையாவதற்காக. நாங்களோ அந்தக் காற்றைக் கொண்டே அதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தோம்.

மலைச் சைக்கிள் பிறந்த விதமும் வேடிக்கையானது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் டாமல்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள், 1930-களில் செய்யப்பட்ட பழைய கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கியெடுத்து, மலைமீது தூக்கிச் சென்று, மண்பாதையில் கீழே ஓட்டினார்கள். அவர்கள் நடத்திய பந்தயம் 1976 அக்டோபர் 21 அன்று தொடங்கியது. அவ்வளவு பழைய வண்டிகளை அவர்கள் தேடிப்போனது எதற்காக? 1933 முதல் ஷ்வின் நிறுவனம் பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் போட்டு வந்த இரண்டங்குலத்துக்கும் மேற்பட்ட ‘பலூன்’ டயர் அவற்றில் இருந்தது. மெல்லிய டயர் கொண்ட புது வண்டிகள் அந்தப் பாதையில் நிலைக்கவில்லை. ஆக, அகன்ற டயர் அலங்காரமாக வந்ததன்று. மண்பாதையே அதைக் கேட்டு வாங்கியது. இந்த இடத்தில் மூத்தவர் சற்று இறங்கி வந்தார்.

இனிக் கணக்கு. இதை நாங்கள் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறம் போட்டுப் பார்த்தோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 92 கிலோ என்று கொள்வோம். பின் சக்கரத்தின் மீது ஏறத்தாழ 55 கிலோ இறங்கும். 60 பவுண்டு காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ அழுத்தம். எனவே 55 கிலோவைத் தாங்க, டயர் ஏறத்தாழ 13 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டால் போதும். தீப்பெட்டியின் முகத்தைவிடச் சிறிய இடம்! காற்றை 30 பவுண்டாகக் குறைத்தால் 26 சதுர சென்டிமீட்டர், ஒன்றரைத் தீப்பெட்டி. இதில் டயரின் அகலம் எங்கே வருகிறது? வரவே இல்லை. ஒரே காற்றழுத்தத்தில் குறுகிய டயரும் அகன்ற டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒன்றே. வடிவந்தான் மாறும், குறுகியதன் தடம் நீண்டும், அகன்றதன் தடம் குட்டையாக விரிந்தும் இருக்கும். ஆகவே அகன்ற டயரை வாங்கி மாட்டி, அதிலும் கல் போல் காற்றடிப்பவர், கடைக்காரருக்குக் காசு கொடுத்ததைத் தவிர அதிகமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

அப்படியானால் டயர் மாற்றாமலேயே காற்றை இறக்கிவிட்டால் ஆயிற்றே? இப்படிக் கேட்டவர் மூத்தவர். கேட்டதோடு நில்லாமல் செய்தும் பார்த்தார். தந்தையின் சைக்கிளில் காற்றைப் பாதியாக்கிக்கொண்டு மார்கழி முதல் வெள்ளியன்று தனியே புறப்பட்டார். முதல் மூன்று கிலோமீட்டரில் அவருக்குப் பெரும் மகிழ்ச்சி. காய்ந்து தடித்த தடங்களின் மேல் வண்டி மிதந்து சென்றதாம். கைகளில் அந்தப் பழைய நடுக்கம் இல்லையாம். மதகின் கல்விளிம்பில் பின் சக்கரம் ஏறியபோது ‘டப்’ என்ற ஒலி. கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கிய டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள். மேல்நாட்டில் இதற்குப் பாம்புக் கடி என்றே பெயர். பாம்பின் இரு பற்கள் பட்டாற்போல் இருக்கும். மெலிந்த டயரில் காற்றுக்கு இருக்கும் இடமே கொஞ்சம். அதையும் இறக்கினால் ரிம்மைக் காக்க எதுவும் மிஞ்சாது.

ஒட்டுப் போடும் பசை வீட்டில் இருந்தது. மூத்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். அந்த முதல் வெள்ளி நாங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த செவ்வாயன்று கொத்தனார் இறைவனடி சேர்ந்தார். முந்தின நாள் பங்குத்தந்தை தார்ச்சாலை வழியே சென்று நோயில் பூசுதலும் நற்கருணையும் அளித்திருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அது பெரிய ஆறுதல். ஆயினும் அந்த வெள்ளிக்கிழமை அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தார் என்று அவருடைய மனைவி சொன்னதை நாங்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை.

அகலத்தின் பயன் எங்களுக்கு விளங்கியது அந்த ஓட்டையில்தான். 1.95 அங்குல டயரோடு ஒப்பிட்டால் 2.35 அங்குல டயரின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 45 சதவீதம் கூடுதல். அவ்வளவு காற்று உள்ளே இருப்பதால் அழுத்தத்தைத் துணிந்து குறைக்கலாம். கல்லில் ஏறினாலும் ரிம்வரை நசுங்காது. அழுத்தம் குறைவதால் தடம் பரவும், புழுதியில் புதையாது, ஈரத்தில் பிடிக்கும், மேடு பள்ளத்தில் வண்டியும் ஆளும் எகிறி விழுந்து வீணாகும் வலிமை மிஞ்சும். அகலம் நேரடியாக ஒன்றும் தருவதில்லை. காற்றை இறக்குவதற்கு அனுமதி தருகிறது, அவ்வளவே. தார்ச்சாலைப் பந்தயக்காரர்களும் இப்பாடத்தைத் தாமதமாகவே கற்றிருக்கிறார்கள். ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயரில் உயிரை விட்டவர்கள் இன்று 28, 30 என்று அகன்றதில் ஓடுகிறார்கள்.

ஒரு சிப்பம் பொன்னியின் விலைக்குள் இரண்டு டயரும் டியூபும் வந்தன. மாவுக்கட்டு அவிழ்ந்த பின், தை மாதத்து மாலைகளில் நாங்கள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். கடைக்காரர் சொல்லாத சங்கதிகள் வெளியே வந்தன. பின் சக்கரத்தில் 2.35 டயர் சட்டத்தின் குழாயில் உரசியது, இடம் போதவில்லை. முன் சக்கரத்தில் போக்கு இடம் கொடுத்தது, மட்கார்டு கொடுக்கவில்லை. அதைக் கழற்றியதில் வேட்டி சேறாயிற்று. களிமண் ஈரமாக இருக்கும் இடங்களில் அகன்ற டயர் மண்ணை அள்ளி அள்ளிப் போக்குக்குள் அடைத்துக்கொண்டு நின்றேவிட்டது. ஒரு குச்சியால் குத்தியெடுத்த பிறகே சக்கரம் சுழன்றது. அந்த ஒரு விஷயத்தில் தந்தையின் மெல்லிய டயரே மேல். அது சேற்றை வெட்டிக்கொண்டு அடித்தரையைத் தேடிப்போகும். தார்ச்சாலையில் ரப்பர்க் கட்டிகள் வண்டுபோல் ரீங்கரித்தன, கால் கனத்தது. சீமைக்கருவேல முள்ளுக்கு அகன்றதும் குறுகியதும் ஒன்றே. அகன்றது கூடுதல் இடத்தைத் தொடுவதால் கூடுதல் முள்ளையும் சந்திக்கும் என்பது எங்கள் சந்தேகம். குறுகிய ரிம்மில் அகன்ற டயரை மாட்டிக் காற்றை மிகவும் இறக்கினால் திருப்பங்களில் வண்டி பக்கவாட்டில் நெளிகிறது. அதுவும் ஓர் அச்சந்தான்.

இதற்கிடையில் மறைக்கல்வி வகுப்பு மாணவன் ஒருவன், நான்கங்குல டயர் பூட்டிய தன் சைக்கிளை எங்களுக்குப் பெருமையோடு கொடுத்தான். பனியிலும் மணலிலும் ஓடுவதற்கென அமெரிக்காவில் உருவான வகை அது. கொள்ளிடத்து மணலில் இறக்கினோம். பத்தடி போகவில்லை, புதைந்தது. பையன் முகம் சுருங்கிப்போயிற்று. அழுத்திப் பார்த்தால், அதிலும் கல் போல் காற்று! எட்டுப் பவுண்டு அளவுக்கு இறக்கிய பின், அதே மணலில் அதே வண்டி ஒட்டகம்போல் அசைந்து சென்றது. பையன் கரையெல்லாம் கத்திக்கொண்டு ஓட்டினான். ஆனால் அந்த எடையை மதகின் மேல் தோளில் சுமக்க எங்களால் ஆகாது. எங்கள் கரையும் கொள்ளிடத்து மணல் அன்று.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆறு கிலோமீட்டரில் எந்த டயருக்கும் எந்த டயருக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேறுபாடு காணவில்லை. வேறுபாடு உடலில்தான். கல் போன்ற டயரில் போய் இறங்கினால் உள்ளங்கை மரத்திருக்கும், முதுகு கேட்கும். காற்று இறக்கிய அகன்ற டயரில் போய் இறங்கினால் செபப் புத்தகத்தை நடுங்காமல் பிடிக்கலாம்.

முடிவில் நாங்கள் செய்தது இது. முன் சக்கரத்துக்கு 2.35, அதில் 24 பவுண்டு. பின் சக்கரத்துக்குப் பழைய 1.95, அதில் 32. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் சமாளிக்க நேரமிராது. அதை மணிக்கட்டு அறியும். ஆகவே காசு கொஞ்சமே உள்ளவர் அதை முன் சக்கரத்தில் போடலாம். தார்ச்சாலையிலேயே ஓடுபவருக்கு இதில் எதுவும் வேண்டா. நற்செய்தி குறுகலான வாயிலைத்தான் பரிந்துரைக்கிறது, அகலமான எதையும் அன்று என்று மூத்தவர் இன்னமும் கேலி செய்கிறார். அவருடைய வண்டிக்கு 1½ அங்குலத்துக்கு மேல் டயர் கிடைப்பதில்லை, போக்கிலும் இடமில்லை. ஆகவே அவருக்கு வேறு வழியுமில்லை. கற்களில் ஏறும் முன் இறங்கிக்கொள்கிறார். காற்றைக் கால்பங்கு மட்டும் குறைத்திருக்கிறார். அதற்கே அவர் மனம் இசைய ஒரு மாதம் ஆயிற்று. பம்பை எடுத்துக் காற்றடிப்பது எங்களுக்கு எளிது. வால்வைத் திருகி, ‘உஸ்’ என்று காற்று போவதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது, இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பின், ஏதோ தவறு செய்வதுபோலவே இருக்கிறது.

பிப்ரவரி முதல் வெள்ளியன்று இருவரும் சேர்ந்து கிராமத்துக்குப் போனோம். பாட்டியின் கட்டிலைத் திண்ணையில் போட்டிருந்தார்கள். செபம் முடிந்து, நற்கருணை உட்கொண்டு, நெடுநேரம் கண்மூடியிருந்தவர், கண் திறந்ததும் வாசலில் சாய்த்திருந்த சைக்கிள்களைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, இது என்ன டயரு, எருமக் காலு மாதிரி? காத்து வேற எறங்கிக் கெடக்கு. உங்கப்பா இருந்தா இப்படிக் கெளம்ப உட்டிருப்பாரா?”

இளையவர் கணக்கைச் சொல்ல வாயெடுத்தார். மூத்தவர் அவர் கையைத் தொட்டார். “அடிச்சிக்கிறோம் பாட்டி” என்றார்.

கொத்தனார் வீட்டு வாசலில் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் மதகைத் தாண்டி, கரை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் வண்டிகளை நிறுத்தினோம். கைப்பம்பை எடுத்தோம். முன் சக்கரத்துக்கு முப்பது அடி, பின் சக்கரத்துக்கு இருபது. மூத்தவர் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இன்னும் ஐந்து அடித்தோம்.